அட்டை செருகப்படவில்லை

இராசநாயகத்தின் கார் பதினொரு வருடமாக அவரோடு ஜப்பானிய மொழியில் பேசிக்கொண்டிருந்தது. அது என்ன சொல்கிறது என்று ஒருநாளாவது விசாரித்துப் பார்த்தாரா என்றால், இல்லை. பதில் சொல்லும் பொறுப்பை அவர் மனைவி சரோஜாதேவி ஏற்றுக்கொண்டிருந்ததால் அவருக்கு அந்தக் கவலை வரவில்லை.

ஒக்லாந்தில் ஓடுகிற கார்களில் பல, ஜப்பானில் ஒரு வாழ்க்கையை வாழ்ந்து முடித்துவிட்டுக் கப்பலேறி வந்தவை. வாங்குகிறவர்கள் சீட் உறையை மாற்றுவார்கள், பிள்ளையார் ஒட்டுவார்கள், எலுமிச்சம்பழம் நசுக்குவார்கள். உள்ளே இருக்கும் குரலை மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. சாவியைத் திருப்பினால் ஒரு பெண் பேசுவாள். குளித்து முழுகி, தலையை உலர்த்திவிட்டு நிதானமாகப் பேச வந்த குரல். ஒரே ஒரு வாக்கியம்தான். பிறகு சின்னத் திரையில் வரைபடம் விரியும். அந்த வரைபடத்துக்கு நியூசிலாந்து என்றொரு நாடு இருப்பதே தெரியாது. கார் எங்கே நின்றாலும் நீலக் கடலின் நடுவே ஒரு சிவப்பு அம்புக்குறியைக் காட்டும். அவர் வீடு இருக்கும் த்ரீ கிங்ஸில் கடைகளுக்கு முன்னால் நின்றாலும் கடல், மனுரேவா சந்தியில் நின்றாலும் கடல்.

"இஞ்சருங்கோ, பிள்ளை எங்களை வாழ்த்தி அனுப்புது. நல்ல வளர்ப்பு," என்பாள் சரோஜாதேவி. பிறகு திரையைப் பார்த்து, "ஓம் பிள்ளை, போயிட்டு வாறம்," என்று விடைபெறுவாள்.

'போறன்' என்ற சொல்லை அவள் வாயால் யாரும் கேட்டதில்லை. பல் டாக்டரிடமும் 'போயிட்டு வாறன்'தான். பல் டாக்டரிடம் திரும்பிப் போக யாருக்காவது ஆசை இருக்குமா? ஆனாலும் சொல்லுவாள். அப்படிப்பட்டவள் மூன்று வருடத்துக்கு முன், ஆஸ்பத்திரியில், நித்திரையிலேயே, ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள். இராசநாயகம் அதை இன்னும் மன்னிக்கவில்லை. யாரை மன்னிக்கவில்லை என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

அதற்குப் பிறகு த்ரீ கிங்ஸ் வீட்டில் அவர் தனி. காலையில் ஆறேகாலுக்குக் கதவைப் பூட்டும்போது வாய் பழக்கத்தில் திறக்கும், சொல்ல ஆள் இல்லாமல் மூடிக்கொள்ளும். காரில் ஏறினால் அந்தப் பெண் தன் வாக்கியத்தைச் சொல்லுவாள். பக்கத்து சீட் வெறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்கும். அவர் கடலுக்குள்ளால் மனுரேவாவுக்கு ஓட்டிப்போவார். அங்கே ஒரு பெரிய கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவது அவர் வேலை.

இப்படி இருக்கையில்தான் போன வருடம் யூலை மாதம் மகன் அனுஷன் ஒரு பெண்ணோடு வந்து நின்றான்.

பெண்ணின் பெயர் மிஹோ. ஒரு சிறுவர் பள்ளியில் ஆசிரியை. இருவரும் ஏற்கெனவே பிளாட் புஷ்ஷில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து ஒன்றாக இருக்கிறார்கள் என்பது இராசநாயகத்துக்குத் தெரியும். தெரியாததுபோல இருப்பது தகப்பன்மாரின் வேலை, அதை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தார். இப்போது வரும் ஏப்ரலில் கல்யாணப் பதிவு என்றான் அனுஷன். மிஹோவின் அப்பா இல்லை. அம்மா கஸுயோ, ஜப்பானில் நீகாட்டா பக்கம், பனி விழும் ஊரில் தனியாக இருக்கிறார். மார்ச்சில் ஒன்பது நாளைக்கு இங்கே வருகிறார். ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாது.

இராசநாயகத்துக்கு மருமகளைப் பிடித்துவிட்டது. அவள் அவர் போட்ட தேநீரை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிக் குடித்தாள். அந்தத் தேநீரை இரண்டாம் முறை கேட்டவர்கள் உலகத்தில் அவளையும் சேர்த்து இரண்டு பேர்தான். ஆனால் ஒரு விஷயம் அவருக்குத் தொண்டையில் நின்றது.

"தம்பி, பொம்பிளை கேக்காமல் கலியாணமோ?"

"அப்பா, நான் கேட்டிட்டன். ஷி செட் யெஸ்."

"நீ கேட்டது காணாது. மாப்பிள்ளை வீட்டு ஆக்கள் பொம்பிளை வீட்டை போய்க் கேக்கோணும். அம்மா இல்லை. அப்ப நான்தான் கேக்கோணும்."

"ஓகே, ஓகே. மிஹோ ட்ரான்ஸ்லேட் பண்ணுவா."

"பொம்பிளையைக் கொண்டே பொம்பிளை கேக்கிறதோ? நல்ல கதை. என்ர வாயால கேப்பன். அவவின்ர பாசையில கேப்பன்."

மிஹோவிடம் மொழி படிக்கலாமே என்றான் மகன். அதையும் அவர் ஏற்கவில்லை. கேட்கப் போகிற பெண்ணிடமே கேட்கிற வார்த்தையைப் படித்துக்கொண்டு போவது மரியாதை இல்லையாம். அவளுக்கு ஒரு மூச்சும் விடக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். அனுஷன் தோளைக் குலுக்கிவிட்டு, இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஒலிப்பாடங்களை அவர் போனில் இறக்கிக் கொடுத்தான். கூடவே பாடக்குறிப்புகளைத் தன் அலுவலகத்தில் அச்சடித்து ஒரு கட்டாகக் கொண்டுவந்து தந்தான். இராசநாயகம் அதைக் கார் டாஷ்போர்ட் அறைக்குள் வைத்துப் பூட்டினார். வாசித்துப் படிப்பது அவர் குணம் இல்லை. பசனையில் பின்னால் நின்று கேட்டுக் கேட்டே பாட்டெல்லாம் பாடமாக்கிய மனிதர் அவர்.

பாடம் சொல்லித்தரும் முறையும் அதற்குத் தோதாக அமைந்தது. குரல் ஒரு வாக்கியம் சொல்லத் தொடங்கும். முடியும்வரை காத்திருக்காமல், அரைச்சொல் பின்னால் ஒட்டிக்கொண்டு நாமும் சொல்லிக்கொண்டே போகவேண்டும். அதற்கு நிழல் பயிற்சி என்று பெயர். நிழல் யோசித்து நடக்காது, காலோடு போகும். அப்படியே போ, அர்த்தம் பிறகு தானாக வரும் என்றது பாடம்.

விடியற்காலைகளில் மாங்கரே பாலத்தின்மேல் மூடுபனி இறங்கியிருக்கும். முன்னால் போகும் காரின் இரண்டு சிவப்பு விளக்கு மட்டும் மிதக்கும். திரையில் நீலக் கடல். காதில் ஒரு பெண் குரல், அதன் பின்னால் அரைச்சொல் தூரத்தில் அவர் குரல். சில நாள் எது அவள் குரல், எது தன்னுடையது என்றே அவருக்குத் தெரியாமல் போகும். கிடங்கு வந்ததும் இறங்க மனமில்லாமல் இரண்டு நிமிடம் அப்படியே இருப்பார். மூன்று வருடத்தில் முதல்தடவையாக, அந்தக் காருக்குள் இருப்பது அவருக்குச் சந்தோஷமாக இருந்தது.

நான்காம் பாடத்தில் அவர் காரை ஓரம் கட்டி நிறுத்த வேண்டியதாயிற்று. ஜப்பானியர் காலையில் வீட்டை விட்டுப் புறப்படும்போது 'இத்தெகிமாஸ்' என்று சொல்வார்களாம். போயிட்டு வாறன் என்று பொருள். சொல்லுக்குச் சொல் அதேதான், போவதும் வருவதும் சேர்ந்தே இருந்தது. வீட்டில் இருப்பவர்கள் 'இத்தெராஷாய்' என்பார்களாம். போயிட்டு வாங்கோ.

"சரோ," என்றார் வெறும் சீட்டைப் பார்த்து. "இவையும் எங்கட ஆக்கள்தான்."

மறுநாளிலிருந்து அவர் கதவைப் பூட்டும்போது வெறும் வீட்டுக்குள் தலையை நீட்டி 'இத்தெகிமாஸ்' என்று சொல்லத் தொடங்கினார். கையிலிருக்கும் போனில் பாடத்தின் பெண் 'இத்தெராஷாய்' என்று பதில் சொல்லும்படி சரியாக அந்த இடத்தில் நிறுத்தி வைத்திருப்பார். வேலை முடிந்து கிளம்பும்போது கிடங்கிலும் அதையே சொன்னார். பெட்ரோல் செட்டிலும் சொன்னார். கோயில் வாசலில் முருகனுக்கும் சொன்னார்.

இங்கே ஒரு விஷயத்தை நான் சொல்லிவிட வேண்டும். அந்தப் பாடக்குறிப்புக் கட்டின் பதினான்காம் பக்கத்தில், கொட்டை எழுத்தில், ஓர் எச்சரிக்கை இருந்தது. இந்த வார்த்தையைச் சொந்த வீட்டிலிருந்து கிளம்புகிறவர் மட்டுமே சொல்லவேண்டும். பதில் சொல்வதும் அந்த வீட்டு மனிதர்தான். விருந்தாளியாகப் போன வீட்டில் இதைச் சொல்லக்கூடாது, அங்கே 'தொந்தரவு கொடுத்துவிட்டேன்' என்று சொல்லி விடைபெற வேண்டும். இராசநாயகம் ஒரு சனிக்கிழமை காரின் எண்ணெய் அளவு பார்த்தபோது கம்பியைத் துடைக்கக் கடதாசி தேடினார். கைக்குக் கிடைத்தது பதினான்காம் பக்கம்.

கிடங்கில் அவருக்கு இருந்த ஒரே சிநேகிதர் சோதிலிங்கம். ஐந்து வயது இளையவர், வாய் சும்மா இராதவர். பலகைத் தட்டுகளுக்குப் பின்னால் முணுமுணுப்புக் கேட்டு, முதலில் அவர் பயந்துதான் போனார்.

"அண்ணை, உதென்ன மந்திரம்?"

"யப்பான் பாசையடா."

"அறுபத்தொரு வயசிலயோ? என்ன கதைப்பியள், சொல்லுங்கோ பாப்பம்."

இராசநாயகம் தன் பெயர், ஊர், தொழில், தனியாக வசிக்கிறேன் என்பதையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னார். 'ஹிதோரி தெ ஸுந்தெ இமாஸ்.' தனியாக வசிக்கிறேன். பாடத்தில் அவர் அதிகம் சொல்லிப் பழகிய வாக்கியம் அதுதான். பொய் இல்லாத வாக்கியம் வாயில் இலகுவாக வரும்.

சோதிலிங்கம் சிரிக்கவில்லை. "உச்சரிப்பு நல்லாயிருக்கு அண்ணை. ஆனா ஒரு மாதிரி... கார் கதைக்கிற மாதிரிக் கிடக்கு," என்றார்.

உண்மை. பாடத்துக்கு முன்னும் பின்னும் காரின் குரலையும் அவர் நிழலாகத் தொடர்ந்திருந்தார். அதனால் அவர் ஜப்பானிய மொழி முழுவதும் அந்தக் கார்ப் பெண்ணின் சுத்தத்தோடும் மரியாதையோடும் வெளியே வந்தது. மீசை வைத்த ஒரு மனிதரின் வாயிலிருந்து அது வருவதுதான் விசித்திரம்.

ஒக்டோபரில் ஒருநாள், மழை விட்டிருந்த காலை. சாவியைத் திருப்பினார், அவள் பேசினாள், அவருக்கு விளங்கிவிட்டது. தேடிப்போகாமல், மொழிபெயர்க்காமல், பக்கத்து வீட்டுக்காரர் தமிழில் பேசினால் விளங்குவதுபோல விளங்கிற்று. ஜப்பானில் நெடுஞ்சாலைக் கட்டணத்துக்கு ஒரு அட்டை உண்டு, அதைக் காரில் செருகிவைக்க வேண்டும் என்று ஒரு பாடத்தில் வந்திருந்தது. பதினொரு வருடமாக அவள் சொல்லிக்கொண்டிருந்தது இவ்வளவுதான்: "அட்டை செருகப்படவில்லை."

வாழ்த்தும் இல்லை, வழியனுப்பும் இல்லை. இராசநாயகம் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருக்கையில் அது எங்கேயோ வழுக்கி அழுகையாகிவிட்டது. இதைச் சொன்னால் சரோ எப்படிச் சிரித்திருப்பாள்! சொல்ல ஆள் இல்லை என்பது அன்றைக்குத் திரும்பவும் புதிதாக வலித்தது.

சோதிலிங்கத்திடம் சொன்னார். "பதினொரு வருசமா அட்டை இல்லை, அட்டை இல்லை எண்டு கத்தியிருக்குது. நீங்கள் ரெண்டு பேரும் கும்பிட்டிருக்கிறியள்," என்று சோதிலிங்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

வாய் இப்படி ஓடியது, காதுதான் நொண்டியது. பாடத்தின் பெண் நிறுத்தி நிறுத்திப் பேசினால் விளங்கும். நிஜ மனிதர்கள் பேசும் ஒலிப்பதிவுகளைப் போட்டால் ஓடுகிற ரயிலின் ஜன்னல்களை எண்ணுவதுபோல, இரண்டு எண்ணுவதற்குள் இருபது போய்விடும். ஞாயிறு மதியங்களில் சாய்மனைக் கதிரையில் அதைக் கேட்டபடியே கண்ணயர்ந்து போவார். ஒருநாள் அந்தக் கண்ணயர்வில் சரோஜாதேவி வந்தாள். குசினியில் நின்று, முதுகைக் காட்டிக்கொண்டு, ஜப்பானிய மொழியில் நீளமாக எதையோ சொன்னாள். அவருக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. "ஓம், ஓம், சரி," என்றார். விழித்தபோது ஜன்னலில் வெயில் இருந்தது, போன் தனியாகப் பேசிக்கொண்டிருந்தது, ஒரு சொல்லும் நினைவில் இல்லை. ஆனால் விளங்கியது என்பது மட்டும் நினைவில் இருந்தது. அன்று மாலை முழுவதும் அவர் வீட்டுக்குள் மெதுவாக நடந்துகொண்டிருந்தார்.

பெண் கேட்கும் வாக்கியத்தை மட்டும் ஜனவரியிலிருந்து நாளுக்கு நூறு தடவை சொன்னார். அவர் ஃபோர்க்லிஃப்டுக்கும் அது பாடமாகியிருக்கும்.

மார்ச்சில் கஸுயோ வந்தார். நான்காம் நாள், வியாழக்கிழமை, அனுஷனிடமிருந்து போன் வந்தது. வழக்கமாக ஆங்கிலத்தில் பேசும் பிள்ளை தமிழுக்கு வந்திருந்தான். அது நல்ல அறிகுறி இல்லை என்று தகப்பனுக்குத் தெரியும்.

"அப்பா, மிஹோ அழுறா."

"ஏன்டா?"

"அவவின்ர அம்மா ஒண்டும் சொல்லேல்ல. நோவும் இல்லை, யெஸ்ஸும் இல்லை. 'உங்கள் விருப்பம்' எண்டு மட்டும் சொல்லுறா. எங்கட வீட்டுக்க வரேக்க, விருந்தாளி மாதிரி, தொந்தரவுக்கு மன்னிக்கோணும் எண்டு சொல்லிப்போட்டுத்தான் வாறா. ஒவ்வொரு முறையும். பார்க்குக்குப் போயிட்டு வந்தாலும் அதுதான். பிரிட்ஜைத் திறக்கிறதுக்கும் கேக்கிறா. மிஹோ சொல்லுறா, அம்மாவுக்கு இது மகளின்ர வீடா தெரியேல்ல, ஹோட்டலாத்தான் தெரியுது எண்டு. ஏப்ரல் வேண்டாமாம். அம்மாவைத் தனிய விட ஏலாது, தான் யப்பானுக்குத் திரும்பிப் போறதுதான் சரி எண்டு யோசிக்கிறா."

இராசநாயகம் போனை வைத்தார். அதுவரை பெண் கேட்பது அவருக்கு ஒரு முறைமை, ஒரு ரோசம், கொஞ்சம் விளையாட்டு என்றும் சொல்லலாம். இப்போது அது மகனின் வாழ்க்கை ஆகிவிட்டது. தன் மகனுக்கும் ஒருநாள் வெறும் வீட்டைப் பூட்டிக்கொண்டு போகிற காலை வரும் என்று நினைத்தவர், அந்த வாக்கியத்தைத் திரும்பவும் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.

ஞாயிறு காலை பத்து மணிக்குப் புறப்பட்டார். யாழ்ப்பாணக் கலண்டரில் ஞாயிறு ராகுகாலம் பின்னேரம் நாலரையிலிருந்து ஆறு. இங்கே கோடைகால நேரம் என்பதால் ஒரு மணித்தியாலம் கூட்டி ஐந்தரையிலிருந்து ஏழு என்று அவர் கணக்குப் போட்டு வைத்திருந்தார். ஆகவே காலை நல்ல நேரம். வேட்டி, சால்வை. சரோஜாதேவியின் வெள்ளித் தட்டத்தில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், தேங்காய், சோதிலிங்கம் வீட்டில் செய்துகொடுத்த பயத்தம்பணியாரம். தட்டத்தைப் பக்கத்து சீட்டில் வைத்து பெல்ட் போட்டார். மாப்பிள்ளை வீட்டிலிருந்து பெண் வீட்டுக்குப் போவதுதான் முறை. இங்கே மாப்பிள்ளை வீடும் பெண் வீடும் பிளாட் புஷ்ஷில் ஒரே வீடாக இருந்ததை அவர் பெரிதுபடுத்தவில்லை.

கஸுயோ சிறிய உருவம். சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை, குட்டையாக வெட்டிய நரைமுடி. வாசலுக்கு வந்து ஆழமாகக் குனிந்தார். பதிலுக்கு இராசநாயகமும் ஆழமாகக் குனிந்தார், கையில் தட்டம் இருப்பதை மறந்து. தேங்காய் டொக்கென்று விழுந்து, உருண்டு, சோபாவுக்கு அடியில் போய் நின்றது. பெண் கேட்கப் போன இடத்தில் மாப்பிள்ளையின் தகப்பன் நாலு காலில் தேங்காய் தேடிய கதை யாழ்ப்பாணத்தில் உண்டோ என்னவோ, பிளாட் புஷ்ஷில் உண்டு.

எழுந்து சால்வையைச் சரிசெய்துகொண்டு, தட்டத்தை நீட்டி, அவர் சொன்னார். எட்டு மாத வாக்கியம். 'உங்கள் மகளை எங்கள் வீட்டு மருமகளாகத் தாருங்கள்.' ஒரு சொல்லும் தடுக்கவில்லை.

மிஹோ இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். சத்தியத்தைக் காப்பாற்றிய அனுஷன் நிலத்தைப் பார்த்தான். கஸுயோ தட்டத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, மெல்லிய குரலில் பதில் சொல்லத் தொடங்கினார். நீளமான பதில். ரயில் ஓடியது. எட்டு மாதமும் கேட்பதற்கே தயாரான மனிதர், பதில் என்று ஒன்று வரும் என்பதை யோசித்துப் பார்க்காமல் வந்துவிட்டது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

மிஹோ மொழிபெயர்க்க வாயைத் திறந்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். பிறகு, மொழி படிக்கிற ஏழை எளியவர்கள் எல்லோருக்கும் கடவுள் கொடுத்த அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னார். "இன்னொரு முறை, மெதுவாக, தயவுசெய்து."

கஸுயோ அவரை நிமிர்ந்து பார்த்தார். மகளைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தவர் இப்போது அவரைப் பார்த்துப் பேசினார், மெதுவாக. இரண்டாம் முறை பாதி வந்தது. பனி. ஆளுயரப் பனி. கணவர் போய் ஆறு வருடம். வாசலில் பனியைத் தானே அள்ளுவது. தூரம். பிறகு அந்தச் சொல், 'ஹிதோரி'. தனியாக.

அந்தச் சொல்லை அவருக்கு யாரும் மொழிபெயர்க்கத் தேவையில்லை.

தயார் செய்து வைத்த மிச்ச வாக்கியங்களையெல்லாம் அவர் விட்டுவிட்டார். தெரிந்ததைச் சொன்னார். "நானும் தனி. மனைவி இறந்தார், மூன்று வருடம். காலையில் வீட்டில் ஒருவரும் இல்லை. கார் மட்டும் பேசும்."

"கார்?" என்றார் கஸுயோ.

"கார். ஜப்பான் கார். தினமும் சொல்லும்." இராசநாயகம் நிமிர்ந்து உட்கார்ந்து, கார்ப் பெண்ணின் குரலில், அவளுடைய அதே ஏற்ற இறக்கத்தோடு சொன்னார்: "அட்டை செருகப்படவில்லை."

கஸுயோ ஒரு கணம் விழித்தார். பிறகு சிரித்தார். தோள் குலுங்க, தட்டத்திலிருந்த பாக்கு அதிர, கண்ணில் நீர் வரச் சிரித்தார். வந்த ஏழு நாளில் அம்மா இப்போதுதான் சிரிக்கிறார் என்று மிஹோ அனுஷனின் காதில் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

ஆனால் சிரிப்பு அடங்கியதும் கஸுயோ திரும்பவும் அந்த மரியாதைக்குள் போய்விட்டார். தேநீர் வந்தது. பணியாரத்தை ஒரு கடி கடித்து நன்றாக இருக்கிறது என்றார். இராசநாயகத்தின் கேள்விக்கு ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மகளிடம் கேட்டுக்கொண்டுதான் தண்ணீர் எடுக்கக் குசினிக்குள் போனார். இராசநாயகம் மகனின் முகத்தைப் பார்த்தார், பார்க்க முடியாமல் வேறு பக்கம் திரும்பினார். இதற்குமேல் அவரிடம் வாக்கியம் இல்லை. எழுந்தார்.

வாசலில் குனிந்து செருப்பை மாட்டினார். கஸுயோ உள்ளே, இரண்டடி தள்ளி, கைகளைக் கோத்தபடி நின்றார். இராசநாயகத்துக்கு மனம் முழுக்கக் கனம். அந்தக் கனத்தில் வாய் தன் பழக்கத்தில் திறந்தது. 'போறன்' என்று ஒரு நாளும் சொல்லத் தெரியாத வாய்.

"இத்தெகிமாஸ்," என்றார்.

மிஹோ மூச்சை இழுத்துக்கொண்டாள். விருந்தாளி சொல்லக்கூடாத வார்த்தை. ஓர் அந்நியர், அன்றுதான் அறிமுகமான மனிதர், தன் வீட்டிலிருந்து காலையில் வேலைக்குப் போகிறவர்போல அதைச் சொல்லிவிட்டு நின்றார்.

"இத்தெராஷாய்," என்றார் கஸுயோ.

யோசித்துச் சொன்னது இல்லை அது. முப்பது வருடமாகக் கணவருக்கும் பதினெட்டு வருடமாக மகளுக்கும் சொல்லிச் சொல்லி, பிறகு ஆறு வருடமாகச் சொல்ல ஆளில்லாமல் நாக்கில் காத்துக்கிடந்த சொல். வெளியே வந்த பிறகுதான் அவருக்கே அது கேட்டது. அவர் திடுக்கிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார். சுவரைப் பார்த்தார், செருப்புகளைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். மிஹோ அழுதுகொண்டிருந்தாள்.

இராசநாயகத்துக்கு இதில் ஒன்றும் தெரியாது. போனிலிருந்து தினமும் கேட்ட பதிலை முதல்முறையாக ஒரு மனித வாயிலிருந்து கேட்டிருந்தார், அவ்வளவுதான். தலையை ஆட்டிவிட்டு வேகமாகக் காருக்கு நடந்தார். அனுஷன் பின்னால் ஓடிவந்தான்.

"அப்பா, நீங்கள் என்ன சொன்னீங்கள் எண்டு தெரியுமோ? அது வீட்டு ஆக்கள் சொல்லுறது! கெஸ்ட் சொல்லக்கூடாது!"

இராசநாயகம் கார்க் கதவில் கையை வைத்தபடி அவனைப் பார்த்தார்.

"பின்ன, நான் ஆரெண்டு நினைச்சனீ?"

அப்போது வாசலிலிருந்து ஒரு குரல் கேட்டது. கஸுயோ மிஹோவின் செருப்பை மாட்டிக்கொண்டு முற்றத்துக்கே வந்துவிட்டார். கையை வாயருகே வைத்துக்கொண்டு எதையோ கேட்டார். மெதுவாக இல்லை, நிறுத்தி நிறுத்தி இல்லை, வீட்டுக்குள் ஓர் அறையிலிருந்து மற்ற அறைக்குக் கேட்கும் வேகத்தில், உரிமையோடு.

மிஹோ மொழிபெயர்க்கவில்லை. தேவையும் இருக்கவில்லை. இராசநாயகத்தின் காதுக்குள் அது ஒரே தடவையில், முழுதாக, தமிழ்போல வந்து இறங்கியது.

'எத்தனை மணிக்குத் திரும்பி வருவீர்கள்? சாப்பாடு வைக்க வேண்டும்.'

ஐந்தரைக்கும் ஏழுக்கும் இடையில் ராகுகாலம். நல்ல காரியம் நடந்த வீட்டுக்கு அந்த நேரத்தில் வரக்கூடாது.

"ஏழு மணிக்கு," என்று ஜப்பானிய மொழியில் சத்தமாகச் சொன்னார் இராசநாயகம். கார்ப் பெண்ணின் குரல் இல்லை அது, அவருடைய சொந்தக் குரல்.

காரில் ஏறினார். பக்கத்து சீட்டில் தட்டம் இல்லை, பெல்ட் மட்டும் போட்டபடி இருந்தது. கண்ணாடியில் பார்த்தார். கஸுயோ இன்னும் முற்றத்தில் நின்று கையசைத்துக்கொண்டிருந்தார். சாவியைத் திருப்பினார். திரையில் கடல் விரிந்தது, அவள் தன் வாக்கியத்தைச் சொன்னாள்.

"ஓம் பிள்ளை," என்றார் இராசநாயகம். "போயிட்டு வாறம்."